கலிலேயா ஜெப ஆலயத்தில் மாசிலாமணி மகள்

“ஏசு மலை மேல உக்காந்து பேசினாரு. படகுல இருந்துக்கினு பேசினாரு. வயக்காட்டுல நடந்துக்கினே பேசினாரு. எல்லாம் சரி டீச்சர். கோயிலுக்குள்ள அவரை உட்டாங்களா?”

என் வேதபாடத்துக்கு வருகிற கன்னியம்மா கேட்ட கேள்வி இது. ஒலக்கூருக்கு உள்ளடங்கின ஒரு கிராமத்துக் காலனியில் நான் அங்கன்வாடி டீச்சர். வியாழக்கிழமை சாயங்காலம் எங்கள் சபையில் பெண்களுக்கு வேதபாடம் எடுப்பேன். நூறு நாள் வேலை முடித்து மண்வெட்டியோடு வருகிறவர்களும், கடலைக் காட்டில் மல்லாட்டை பிடுங்கிவிட்டுக் கையில் மண்ணோடு வருகிறவர்களுமாக இருபது பேர் உட்காருவார்கள். “அடுத்த வாரம் சொல்றேன்” என்றேன். சொல்லி முடிக்க ஒரு வருஷம் ஆனது.

நாலு சுவிசேஷங்களையும் வரி வரியாகப் படித்து, யூதருடைய ஜெப ஆலயத்துக்குள் இயேசு போன இடங்களையெல்லாம் ஒரு நோட்டில் எழுதினோம். ஓய்வுநாள் தவறாமல் போயிருக்கிறார். வாசலில் யாரும் மறிக்கவில்லை. நாசரேத்தில் ஏசாயா தீர்க்கதரிசியின் சுருளை அவர் கையிலேயே கொடுத்து வாசிக்கச் சொன்னார்கள். கப்பர்நகூமில் பிசாசு பிடித்தவன் கத்தினான். சூம்பின கைக்காரனை நடுவில் வந்து நிற்கச் சொன்னார். பதினெட்டு வருஷமாகக் கூனிப்போன பெண்ணைக் கூப்பிட்டுச் சுகப்படுத்தினார். அதே நாசரேத்துக்காரர்கள் கடைசியில் அவரை மலை விளிம்பு வரை தள்ளிக்கொண்டு போனார்கள். “உள்ள உட்டாங்க. வாயத் தொறந்த அப்புறம்தான் வெளிய தள்ளினாங்க” என்று கன்னியம்மா தீர்ப்பு சொன்னாள். அதையும் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

கொரோனா அடங்கின பிறகு, திண்டிவனம், விழுப்புரம் பக்கத்திலிருந்து பல சபைக்காரர்களும் சேர்ந்து புனிதப் பயணம் கிளம்பினார்கள். என் பெயரும் அதில் சேர்ந்தது. கூட்டிப்போன போதகர் என் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “நாசரேத்துல பழைய ஜெப ஆலயம்னு ஒரு இடம் காட்டுவாங்க. அங்க நீங்க பத்து நிமிஷம் பேசுங்க டீச்சர்” என்றார். அந்தப் பத்து நிமிஷத்துக்காக நான் ஒரு புதுப் புடவையே எடுத்தேன்.

முதல் நாள் விமானமும் விசாரணையும் பஸ்ஸுமாகப் போனது. விமான நிலையத்தில் ஒரு இளம் பெண் அதிகாரி என் பாஸ்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “இந்த நாட்டில் உங்களுக்கு யாரைத் தெரியும்?” என்று கேட்டதாகப் போதகர் மொழிபெயர்த்தார். “ஒருத்தரையும் தெரியாது” என்றேன். அவளுக்கு அந்தப் பதில் பிடித்திருக்க வேண்டும். உடனே ஒரு சீட்டைக் கொடுத்து உள்ளே அனுப்பினாள்.

திபேரியாவில் விடுதி. ஜன்னலைத் திறந்தால் கலிலேயாக் கடல். கடல் என்று படித்துப் படித்து வீடூர் அணையைப்போல் பத்து மடங்கு நினைத்து வைத்திருந்தேன். அக்கரை தெரிந்தது. அதுவே எனக்குப் பிடித்துவிட்டது. பார்த்துப் பழகின அளவில் இருந்தது.

என்னோடு ஒரே அறையில் போட்டவர் பிலோமினாம்மா. விழுப்புரத்தில் திருவாமாத்தூர் கோயிலைத் தாண்டிப் போகிற சாலையில் அவர்கள் ஊர். அறுபது வயது, கத்தோலிக்கர், சொந்த நிலம், சொந்த மோட்டார். பெட்டியைக் கட்டிலில் வைத்ததும் கேட்டார்.

“எந்த ஊரும்மா?”

“ஒலக்கூர் பக்கம்.”

“ஒலக்கூர் பக்கம்னா, ஊர்லியா?”

இந்தக் கேள்வியின் அர்த்தம் நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். “காலனி” என்றேன். அவர் தலையாட்டிவிட்டு வெளியே போனார். கதவு முழுக்கச் சாத்தவில்லை. “எனக்குக் கொறட்டை சத்தம் ஆகாதுங்க பாஸ்டர். வேற ரூம் இருக்குதா பாருங்க.” நான் அதுவரை தூங்கவே இல்லை. வேறு அறை இல்லை என்று போதகர் சொன்னார். பிலோமினாம்மா திரும்பி வந்து தன் கட்டிலைச் சுவர்ப் பக்கமாக நகர்த்திப் போட்டுக்கொண்டார். எனக்கு ஐம்பத்திரண்டு வயது. இது புதிதல்ல. ஆனாலும் ஏரோப்ளேனில் ஏறி இவ்வளவு தூரம் இது கூடவே வரும் என்று நான் நினைக்கவில்லை.

இரண்டாம் நாள் காலையில் படகு, மதியம் மீன். ‘பேதுரு மீன்’ என்று முழுசாகப் பொரித்து, தலையும் வாலுமாகத் தட்டில் வைத்தார்கள். விழுப்புரத்துப் பெரியவர் ஒருவர் மீனைப் புரட்டிப் பார்த்து, “இது நம்ம ஏரி ஜிலேபி கெண்டைதான்பா. இதுக்கா இவ்ளோ தூரம் வந்தோம்” என்றார். பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் கருப்பாகப் பழங்கள் இருந்தன. பிலோமினாம்மா நாவல் பழம் என்று எடுத்து வாயில் போட்டார். அது உப்பில் ஊறின ஒலிவக் காய். முகம் மாறாமல் கைக்குட்டைக்குள் துப்பி மடித்து வைத்தார். நான் பார்த்ததை அவர் பார்த்தார்.

பிறகு கப்பர்நகூம். வெள்ளைக் கல் தூண்கள் நிற்கிற ஒரு ஜெப ஆலயம் அங்கே இருக்கிறது. அது இயேசு காலத்துக்குப் பிந்தினது. அதன் அடியில் கருங்கல்லில் ஒரு அஸ்திவாரம் தெரிகிறது. அதுதான் அவர் காலத்து ஜெப ஆலயத்தின் மிச்சமாக இருக்கலாம் என்று வழிகாட்டி சொன்னார். எங்கள் பக்கத்துக் குவாரியில் உடைக்கிற கல்லைப் போலவே கருப்பு. சுவரோரம் கல் மேடை ஓடுகிறது. அதில்தான் ஜனங்கள் சுற்றி உட்காருவார்களாம். சூம்பின கைக்காரனை நடுவில் வந்து நிற்கச் சொன்னது ஏன் என்று அங்கே நின்றபோது எனக்கு விளங்கியது. நாலு பக்கமும் ஆட்கள் உட்கார்ந்தால், நடுவில் நிற்கிறவன் முகம் எல்லோருக்கும் தெரியும். நோட்டை எடுத்து நின்றபடியே எழுதிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் பிலோமினாம்மா விழுந்தார். கருங்கல்லைத் தொட்டுக் கும்பிடலாம் என்று இறங்கினவர் வழுக்கி, கணுக்கால் மடிந்து உட்கார்ந்துவிட்டார். பஸ் வந்து, எங்களை ஒரு மருத்துவமனைக்குக் கொண்டுபோவதற்குள் கால் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது.

“ஐயோ அம்மா, வலிக்குதே” என்று அவர் அரற்றினார். கட்டுப் போட வந்த நர்ஸ் நிமிர்ந்து பார்த்தாள். அறுபதை நெருங்கின வயது, தலையில் துணி கட்டியிருந்தாள்.

“வேதன உண்டோ?” என்றாள்.

நாங்கள் ரெண்டு பேரும் அவளையே பார்த்தோம். “நாட்டில் எவிடெயா?” என்று, ஊரில் எந்தப் பக்கம் என்கிற அடுத்த கேள்வியும் மலையாளத்தில். அவள் பெயர் ரிவ்கா. அவள் அப்பாவும் அம்மாவும் கொச்சிப் பக்கத்து யூதர்கள். சின்ன வயதில் கப்பலேறி இங்கே வந்தவர்கள். இவள் இங்கேயே பிறந்தவள். வீட்டில் அம்மா பேசிப் பேசி மலையாளம் வந்துவிட்டது. எலும்பு முறியவில்லை, ரெண்டு நாள் காலைத் தூக்கி வைக்க வேண்டும், நடக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதை எங்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னாள். கிளம்பும்போது ஒரு சீட்டில் தன் நம்பரை எழுதிக் கொடுத்தாள்.

மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. எங்கள் பஸ் நாசரேத்துக்குக் கிளம்ப வேண்டிய காலை. நான் புதுப் புடவை கட்டி, நோட்டைப் பையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

“நீ போம்மா. எனக்கு யாரும் வேணாம். நான் பாத்துக்குவேன்” என்றார் பிலோமினாம்மா. சொல்லிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு காலில் குளியலறைக்குப் போகப் பார்த்தார். பாதி வழியில் தரையில் உட்கார்ந்துவிட்டார். என்னைக் கூப்பிடவில்லை. தலையைக் குனிந்தபடி அப்படியே இருந்தார்.

அந்த நேரத்தில் எனக்கு இரக்கம் வந்தது என்று எழுதினால் அது பொய். கோபம்தான் வந்தது. ஒரு வருஷம் படித்தது, இருபது பெண்கள் என்னிடம் சொல்லி அனுப்பினது, எல்லாம் இந்த அம்மாவின் காலில் போய் முடிந்ததே என்று கோபம். பையைக் கட்டிலில் போட்டேன். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, அவர் கைக்கடியில் கை கொடுத்துத் தூக்கினேன். “பல்லக் கடிச்சிக்கினு வெயிட்ட என் மேல போடுங்க” என்றேன். போட்டார். நல்ல கனம்.

போதகர் தயங்கித் தயங்கித்தான் போனார். “உங்க பாயிண்டை நான் சொல்லிடறேன் டீச்சர்” என்றார். பஸ் போன பிறகு ரிவ்காவுக்குப் போன் செய்தேன். “இன்னைக்கு சாயங்காலம் ஓய்வுநாள் ஆரம்பம். பஸ் ஓடாது, கடை இருக்காது. விடுதியில் என்ன செய்வீர்கள்? எங்கள் வீட்டுக்கு வாருங்கள். நம் பக்கத்துப் பாஷையைக் கேட்டால் என் அம்மா ரெண்டு நாள் சந்தோஷமாக இருப்பாள்” என்றாள். மதியம் வேலை முடிந்ததும் காரோடு வந்து நின்றாள்.

வடக்கே ஒரு மணி நேரப் பயணம். மலையடிவாரத்தில் விவசாயக் கிராமம்; ஆப்பிள் தோட்டங்கள், சொட்டுநீர்க் குழாய்கள், டிராக்டர். பிலோமினாம்மா கால் வலியை மறந்து, பைப் எத்தனை அடிக்கு ஒன்று, மோட்டார் எத்தனை குதிரை என்று விசாரித்துக்கொண்டே வந்தார்.

ரிவ்காவின் அம்மா பெயர் சாராம்மா. எண்பதைத் தாண்டினவர். கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அவர் மலையாளத்தில் பாதி எனக்குப் புரிந்தது. என் தமிழில் பாதி அவருக்குப் புரிந்தது. மீதியை ரெண்டு பேரும் சோற்றைக் காட்டிப் பேசிக்கொண்டோம். சூரியன் இறங்குவதற்குள் ரிவ்கா விளக்கேற்றிக் கண்ணை மூடிக்கொண்டாள். உலர்ந்த திராட்சையை ஊறவைத்து வடித்த சாறு, ரெண்டு முழு ரொட்டி, புளி ஊற்றின மீன் குழம்பு, சோறு. மூன்று நாளில் முதல் முறையாகப் பிலோமினாம்மா கையால் பிசைந்து சாப்பிட்டார். ஒரே தட்டத்தில்தான் எல்லோருக்கும் ரொட்டியைப் பிய்த்து வைத்தார்கள். நான் எடுத்த பிறகு அதே தட்டத்திலிருந்து பிலோமினாம்மா எடுத்தார். நான் கவனித்தேன். அவரும் கவனித்திருப்பார்.

ஒரு தப்பும் செய்தேன். கை கழுவப் போய், வீட்டுப் பழக்கத்தில் குளியலறை லைட்டை அணைத்துவிட்டு வந்தேன். ஓய்வுநாளில் அவர்கள் விளக்கைப் போடவும் மாட்டார்கள், அணைக்கவும் மாட்டார்கள். போடு என்று என்னிடம் கேட்கவும் கூடாதாம். சாராம்மா அந்த வாசலில் நின்று, “இங்கே ரொம்ப இருட்டாயிருக்கு” என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். நான் “ஆமாங்க, இருட்டு” என்றேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் சொன்னார். மூன்றாம் முறைதான் எனக்கு உறைத்தது. சுவிட்சைப் போட்டேன். அவர் நன்றி சொல்லாமல் சிரித்தார்.

மறுநாள் சனிக்கிழமை காலை எல்லோரும் ஜெப ஆலயத்துக்குக் கிளம்பினார்கள். நடந்துதான் போக வேண்டும். காலம்சென்ற கணவரின் சக்கர நாற்காலியைச் சாராம்மா எடுத்துக் கொடுத்தார். அதில் பிலோமினாம்மாவை உட்காரவைத்து நான் தள்ளினேன். மேட்டுப் பாதை. பாதி வழியில் மூச்சு வாங்கியது.

“தொழுகைக்கூடம்னு எங்க பைபிள்ல போட்டிருக்கும். நீங்க என்னமோ ஜெப ஆலயம்ங்கிறீங்க” என்றார் பிலோமினாம்மா.

“ரெண்டும் ஒண்ணுதாங்க. தள்றது மட்டும்தான் கஷ்டம்.”

அவர் சிரித்துவிட்டார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

உள்ளே பின்பக்கம் பெண்களுக்கு இடம், நடுவில் ஒரு மெல்லிய திரை. திரை வழியாக எல்லாம் தெரிந்தது. வெள்ளி வேலைப்பாடு செய்த மரக்கூட்டில் நியாயப்பிரமாணச் சுருளைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார்கள். பிறகு மோஷே என்கிற பெரியவர் ஒருவர் உரக்க ஒரு பெயரைச் சொன்னார். ஒருவர் எழுந்து போய்ச் சுருளுக்கு முன் நின்றார். முடிந்ததும் அடுத்த பெயர், அடுத்த ஆள்.

“இவங்கெல்லாம் குருக்களா?” என்று ரிவ்காவிடம் கேட்டேன்.

“இல்லை. அவர் பஸ் ஓட்டுகிறவர். இவர் கோழிப்பண்ணை வைத்திருக்கிறார். அந்தப் பையன் தீர்க்கதரிசி புத்தகத்தை வாசிக்கப்போகிறான், பட்டாளத்திலிருந்து லீவில் வந்திருக்கிறான். யாரை வேண்டுமானாலும் கூப்பிடுவார்கள்.”

நாசரேத்தில் ஒரு தச்சன் கையில் சுருளைக் கொடுத்தார்கள் என்று நாங்கள் ஒரு மாதம் ஆச்சரியப்பட்டிருக்கிறோம். அது அங்கே வழக்கம்தான். வேலைசெய்கிற கைதான் வாசிக்கிற கை. இந்த வழக்கத்துக்குள்தான் அவர் வளர்ந்தார், இதை விரும்பித்தான் வாரம் தவறாமல் போனார். ‘யூதர் கல்மனசுக்காரர்’ என்று எத்தனை வியாழக்கிழமை நான் சுலபமாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறேன் என்று நினைத்து வெட்கமாக இருந்தது.

“பேரோட இன்னொண்ணும் சேர்த்துச் சொல்றாரே, அது என்ன?”

“அப்பா பெயர். இன்னாருடைய மகன் இன்னார். அப்படித்தான் கூப்பிடுவோம். அது மரியாதை.”

அது மரியாதை. எங்கள் பக்கத்தில் யார் மகன் என்று கேட்டால் அதற்கு வேறு அர்த்தம். இவன் யோசேப்பின் மகன்தானே என்று நாசரேத்துக்காரர்கள் பேசிக்கொண்ட வசனத்தை, இளக்காரம் என்றே என் நோட்டில் எழுதியிருந்தேன். அதை முதலில் சொன்னவன் பெருமையாகச் சொல்லியிருக்கவும் கூடும். என் அப்பா பெயர் மாசிலாமணி. ஏர் ஓட்டினவர். ஊருக்குள் யாரும் அவரை முழுப்பெயரில் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. மாசி, டேய் மாசி. அவ்வளவுதான்.

ஆராதனை முடிந்து பக்கத்துக் கூடத்தில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம். எங்களைப் பார்க்கக் கிழவிகள் நாலைந்து பேர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வந்தார்கள். நான் ஊரில் என்ன படிப்பிக்கிறேன் என்று சாராம்மா கேட்டார். சொன்னேன். கூடத்தில் பேச்சு கொஞ்சம் குறைந்தது. பெயர் கூப்பிட்ட மோஷே திரும்பி உட்கார்ந்தார். அவருக்கும் மலையாளம் தெரியும்.

“இயேசு எங்கள் ஜெப ஆலயத்தில் என்ன செய்தார் என்று உங்கள் புத்தகத்தில் போட்டிருக்கிறது? ஒன்று சொல்லுங்கள் கேட்போம்” என்றார்.

சொன்னால் மனம் புண்படுமோ என்று எனக்குப் பயம். இவர்களைப் பற்றி எத்தனையோ பேர் எத்தனையோ விதமாகப் பேசி, அதனால் இவர்கள் பட்டதும் எனக்குத் தெரியும். பிலோமினாம்மா என் முழங்கையைத் தொட்டார். “கூனி கதைய சொல்லு எஸ்தர்.” நாலு நாளில் அவர் என் பெயரைச் சொன்னது அப்போதுதான்.

எழுந்து நின்றேன். மெதுவாக, சின்னச் சின்ன வாக்கியமாகச் சொன்னேன். ரிவ்கா தெரியாதவர்களுக்கு எபிரேயத்தில் சொன்னாள். ஒரு ஓய்வுநாள். ஒரு பெண், பதினெட்டு வருஷமாகக் கூன். கிழவிகளுக்கு ‘கூன்’ உடனே புரிந்தது. “எங்க ஊர்ல நாத்து நட்டு, களை பறிச்சு, நிமிர முடியாம போன பொம்பளைங்க நிறைய பேர். அவங்க முகத்தை யாரும் பாக்கிறதில்ல, முதுகைத்தான் பாப்பாங்க. இயேசு அவளைப் பார்த்தார். கூப்பிட்டார். கை வெச்சார். அவ நிமிர்ந்தா” என்றேன்.

“நிவர்ந்நு” என்றார் சாராம்மா.

“ஆமா. நிமிர்ந்தா. ஆலயத் தலைவருக்குக் கோபம் வந்துச்சு. வாரத்துல ஆறு நாள் இருக்குதே, அப்ப வந்து சுகமாகக் கூடாதா, இன்னைக்கு ஓய்வுநாள்னு சொன்னார்.” இந்த இடத்தில் நிறுத்தினேன். யாரும் முகம் சுளிக்கவில்லை. மேலே சொல்ல வாயெடுத்தபோதுதான் அது எனக்குத் தோன்றியது. நோட்டில் இல்லாதது. ஒரு வருஷத்தில் எங்கள் யாருக்கும் தோன்றாதது.

“இயேசு பதில் சொன்னார். இவளும் ஆபிரகாமுடைய மகள்தானேன்னு கேட்டார். நான் இத்தனை நாளா அதைச் சும்மா படிச்சிட்டேன். இன்னைக்கு இங்க நீங்க அப்பா பேரைச் சொல்லி ஆளுங்களைக் கூப்பிட்டதைப் பார்த்தேன். பின்னால ஒரு மூலையில குனிஞ்சி நின்னவளையும் அவர் அப்படித்தான் கூப்பிட்டிருக்கார். அப்பா பேரைச் சொல்லி.”

ரிவ்கா அதை மொழிபெயர்த்து முடித்தாள்.

மோஷே தாடியைத் தடவிக்கொண்டார். “இங்கே பல வருஷமாக நான்தான் பெயர் கூப்பிடுகிறேன். அந்தத் தலைவன் சொன்னதை நானும் சொல்லியிருப்பேன். நாளைக்கு வா என்றுதான் சொல்லியிருப்பேன். அவன் கெட்டவனில்லை, ஒழுங்கைக் காப்பாற்றுகிறவன். அதையும் உங்கள் ஊரில் சொல்லுங்கள்” என்றார். சொல்கிறேன் என்றேன். பிறகு என் பெயரைக் கேட்டார்.

“எஸ்தர்.”

“அப்பா?”

“மாசிலாமணி.”

“எஸ்தர், மாசிலாமணியின் மகள்” என்று, காலையில் கூப்பிட்ட அதே குரலில், அதே ராகத்தில் சொன்னார். “நன்றாகச் சொன்னீர்கள்.”

சாராம்மா என் கையைப் பிடித்து உட்காரவைத்தார். “அந்தக் கூனி எங்கள் வீட்டுப் பெண். அவள் கதை எங்களிடம் இல்லை. இத்தனை காலம் நீங்கள் பத்திரமாக வைத்திருக்கிறீர்கள்” என்றார். களை பறிக்கிற எங்கள் பெண்கள் ஒரு பெரிய வீட்டுச் சொத்தை முந்தானையில் முடிந்து காத்துவந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு பெருமையாக நான் எந்த நாற்காலியிலும் உட்கார்ந்ததில்லை.

வானத்தில் மூன்று நட்சத்திரம் தெரிந்து ஓய்வுநாள் முடிந்ததும் ரிவ்கா எங்களைக் கொண்டுபோய் எங்கள் கூட்டத்தோடு சேர்த்தாள். நாசரேத்தில் ஏகப்பட்ட கூட்டமாம். அந்த ஜெப ஆலயத்துக்குள் ஐந்து நிமிஷம் நின்றுவிட்டு வந்துவிட்டார்களாம். “உங்க பாயிண்டைச் சொல்ல முடியல டீச்சர்” என்று போதகர் வருத்தப்பட்டார். “பரவால்லீங்க” என்றேன். எருசலேமில் மூன்று நாள், சாராம்மா கொடுத்தனுப்பின நாற்காலியை வாசற்படி வாசற்படியாகத் தள்ளினேன். பிலோமினாம்மாவை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தது எந்தப் படியில் என்று நினைவில்லை.

ஊருக்கு வந்து மூன்று மாதம் கழித்து அக்காவிடமிருந்து போன் வந்தது. “எங்க கோயில்ல பொம்பளைங்களுக்கு அந்தக் கதைய சொல்லணும். ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சி வா. விழுப்புரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பையனை வண்டியோட அனுப்புறேன்.”

பயணத்தில் நான் பயந்தது மோஷேவுக்கு முன்னால் நின்றபோதுதான் என்று நினைத்திருந்தேன். அதைவிட அந்த ஞாயிற்றுக்கிழமைதான் பயந்தேன். இந்த ஊர் நிலங்களுக்கு என் அம்மா ஒலக்கூரிலிருந்து பஸ் ஏறி மல்லாட்டை ஆய வந்திருக்கிறாள். கூலியாட்களுக்குச் சொம்பு தராமல் கையில்தான் தண்ணீரைத் தூக்கி ஊற்றுவார்கள் என்று சொல்லியிருக்கிறாள்.

கோயிலில் எண்பது பெண்கள் இருந்தார்கள். முன்னால் நாற்காலிகளில் ஊர்த்தெருக்காரர்கள். பின்னால், வாசலை ஒட்டித் தரையில், காலனிப் பெண்கள் பத்துப் பதினைந்து பேர். ரெண்டுக்கும் நடுவில் ஒரு கட்டில் அகலத்துக்கு வெறும் தரை. எனக்கு முன்னால் மைக்கும் பூமாலையும் இருந்தன. அக்கா முதல் வரிசையில் கைத்தடியோடு உட்கார்ந்திருந்தார்.

மைக்கை அணைத்துவிட்டேன். நடந்து பின்னால் போனேன். கடைசியில் தூண் ஓரம் உட்கார்ந்திருந்த அம்மாவிடம் குனிந்து கேட்டேன்.

“உங்க பேரு இன்னாம்மா?”

“லூர்துமேரி.”

“அப்பா பேரு?”

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். “அவரு செத்து நாளாச்சும்மா. சவரிமுத்து.”

அடுத்தவரிடம் கேட்டேன். அதற்கடுத்தவரிடமும். எல்லாப் பெயரையும் உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு முன்னால் வந்து நின்றேன். உரக்கச் சொன்னேன்.

“லூர்துமேரி, சவரிமுத்து மகள். முன்னாடி வாங்க.”

யாரும் அசையவில்லை. லூர்துமேரியம்மா இடப்பக்கமும் வலப்பக்கமும் பார்த்தார். முன் வரிசையில் யாரோ ஏதோ முணுமுணுத்தார்கள். அப்போது பிலோமினாக்கா தடியை ஊன்றி எழுந்தார். தன் நாற்காலியை ஒரு கையால் இழுத்துப் பக்கவாட்டில் நகர்த்தினார். பக்கத்தில் இருந்த தன் மருமகளைப் பார்த்து, “நீயும் நவுருடி. ஆளு வர்றாங்க இல்ல” என்றார்.

லூர்துமேரியம்மா முழங்காலில் கையூன்றி எழுந்து, அந்த வெறும் தரையைத் தாண்டி நடந்து வந்தார். அடுத்த பெயரைக் கூப்பிட்டேன். பதினாலு பெயர். பதினாலு அப்பாக்கள். ஒருவர் விடாமல் எல்லோரும் வந்து உட்கார்ந்த பிறகுதான் நான் வேதப் புத்தகத்தைத் திறந்தேன்.